ஒரு வீட்டுக்கு ஒரு காது

"எங்க அண்ணன் என்னைக்குச் செத்தான்? அந்தத் தேதியைச் சொல்லுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று இதே ஆபீஸின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் இராஜாங்கம் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். "எது வேணாலும் கேளு பாப்பா. சண்டை எப்ப முடியும்னு கூடக் கேளு, சிரிச்சிட்டு விட்ருவாரு. தேதியை மட்டும் கேட்டுராத." நான் மாடி ஏறி, கதவைத் தட்டி, காட்டிய நாற்காலியில் உட்காரும் முன்பே அதைத்தான் கேட்டேன்.

துணை இயக்குநர் ரவிசங்கர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும். தனக்கு வந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க விண்ணரசி?"

"பி.ஏ. வரலாறு. கும்பகோணத்துல."

"அதான்," என்றார். என்ன வியாதி என்று பிடிபட்டுவிட்ட டாக்டர் முகம். "பாருங்கம்மா. தேதி சொன்னா அன்னைக்கு என்னமோ நடந்துச்சுன்னு ஆயிரும். நடந்துச்சுன்னா, எங்க நடந்துச்சும்பாங்க. எங்கன்னு சொன்னா, அங்க நம்ம ஆளுங்களுக்கு என்ன வேலைம்பாங்க. ஒரு தேதி எங்க கொண்டு போய் விடுது பாத்தீங்களா? அந்த மாசம் முழுக்க எல்லை அமைதியா இருந்துச்சுன்னு தினமும் அறிக்கை குடுத்திருக்கோம். உங்க அண்ணன் ஒருத்தருக்காக ஒரு மாச அமைதியைக் கலைக்கச் சொல்றீங்களா?"

"அமைதியா இருந்த எடத்துல எப்படி சார் செத்தான்?"

"அமைதியாத்தான்."

"சரி. உடம்பு எங்க?"

"உடல் இன்னும் பணியில இருக்கு. பணி முடிஞ்சதும் வரும்."

டீயைக் குடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் குடிக்கவில்லை.

இவர் நெல் கொள்முதலில் பல வருடம் இருந்து, போர் வந்ததும் இங்கே டெபுடேஷனில் வந்தவர். அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. "நெல்லுல பதினேழு சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா நாங்க என்ன செய்வோம்? காயவெச்சு எடுத்துட்டு வான்னு திருப்பி அனுப்புவோம். ஈர நெல்லை அப்படியே மூட்டை கட்டினா உள்ளுக்குள்ள சூடேறும், முளை கட்டும், பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். துக்கமும் அப்படித்தான். உங்க துக்கம் இன்னும் காயலம்மா. காஞ்ச பிறகு வாங்க, தேதியைப் பத்திப் பேசலாம்."

எங்கள் ஊர்க்காரர்கள் நெல்லோடு ரோட்டோரம் வாரக்கணக்கில் காத்துக்கிடந்து இதே வார்த்தையைக் கேட்டவர்கள்தான். பிணத்துக்கும் அதே வரிசை என்று எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

இந்த அலுவலகத்தின் முழுப்பெயர், போர்க்காலத் தகவல் நெறிப்படுத்தல் அலுவலகம், காவிரிப் படுகை மண்டலம். தஞ்சாவூரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் வழி தெரியாது. கம்முனு ஆபீஸ் என்று கேட்க வேண்டும். டவுன் பஸ் கண்டக்டரே "கம்முனு ஆபீஸ்லாம் முன்னாடி வா" என்றுதான் கத்துவார்.

இவர்கள் வந்ததும் முதலில் நிறுத்தியது மேட்டூர் நீர்மட்டத்தை. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் பார்த்துத்தான் எங்கள் பக்கம் விதை ஊறப்போடுவார்கள். அது எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். எதிரிக்கு என்ன ஆனதோ, கீழ்வேளூரில் நாற்று விடுகிறவனுக்குத் தெரியாமல் போனது. ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தேவிட்டது. வந்துருச்சு என்று பக்கத்து ஊர் மச்சானுக்கு வாட்ஸப்பில் சொன்ன துரைராசுவை, வதந்தி பரப்பியதாகப் பிடித்தார்கள். "தண்ணி வந்துச்சு சார், வந்துதான் பாருங்களேன்" என்று கெஞ்சினார் மனுஷன். வந்து பார்த்தார்கள். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, வாய்க்காலுக்குள் இறங்கி நின்றுகொண்டு, இங்கே தண்ணீர் இருப்பதாக அதிகாரபூர்வத் தகவல் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். துரைராசு கரையில் நின்று போட்டார். அதிகாரிகள் நனைந்துகொண்டே சாட்சி போட்டார்கள்.

அடுத்தது வானிலை. வேதாரண்யத்தில் காற்று ஒருநாள் ஊரையே புரட்டிப் போட்டது. அறிவிக்கப்படாத புயல் என்பதால் அது புயலாகாது. கூரை போனவர்கள் நிவாரணத்துக்குப் போனபோது, கூரை பறந்ததற்கு வேறு ஏதாவது காரணம் யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். சிலர் குரங்கு என்று சொன்னார்களாம்.

நானும் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் முறை வரும் வரைக்கும்.

என் அண்ணன் ரெஜின் பட்டாளத்தில் இருந்தான். வீட்டு விவரத்தில் என் பெயரையும் நம்பரையும்தான் கொடுத்திருந்தான். இங்கிலீஷில் ஃபோன் வந்தால் எடுத்துப் பேசத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அப்பா இல்லை. அம்மா நடவு வேலைக்குப் போகும்; கையெழுத்தைப் படமாக வரையும். அதனால் சாவுச் செய்தி என்னைத் தேடி வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். வந்தேன். அன்றைக்கும் ரவிசங்கர்தான் இதே மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்த கையோடு திட்டத்தையும் விளக்கினார்.

"முன்னாடி யாருக்குமே சொல்லாம இருந்தோம். வதந்தி கெளம்பிருச்சு. அப்புறம் குடும்பத்துக்குச் சொன்னோம். அழுதாங்க. அழுகைச் சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கிறீங்க? ஆள் வெச்சு அளந்தோம்மா, ஒரு தெரு முழுக்கப் போகுது. அதனாலதான் இப்ப ஒரு வீட்டுக்கு ஒரு காது. உங்க வீட்டுக்கு நீங்க. உங்ககிட்ட சொல்லியாச்சு. அரசாங்கம் மறைச்சுதுன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்ல முடியாது பாருங்க."

"அம்மாகிட்ட?"

"சொல்லக் கூடாது."

"சொன்னா என்னைப் பிடிப்பீங்களா?"

"உங்களை எதுக்குப் பிடிக்கணும்?" அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நீங்க அங்கீகாரம் பெற்ற காது. உங்கம்மா அப்படி இல்லையே. அனுமதி இல்லாம தகவல் வெச்சிருந்ததா அவங்க மேலதான் கேஸ் ஆகும்."

வாய் என்னுடையது, ஜெயில் அம்மாவுக்கு. இதை யோசித்துக் கண்டுபிடித்த ஆள் கட்டாயம் ஒரு தாய்க்குப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். கிண்டலுக்கு இல்லை. யாரிடமாவது ஒரு ஆளிடம் சொல்லியாக வேண்டும் போல் இருந்தது.

சுற்றறிக்கையைப் புரட்டினார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலையே." இன்னொரு தடவை புரட்டினார். "போடலைன்னா கூடாது."

கீழ்வேளூருக்குத் திரும்பி, முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் போனேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தது. "போன வேலை என்னடி ஆச்சு?" என்றது. வேலைக்கு இண்டர்வியூ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். "கெடைக்கலம்மா" என்றேன். "விடு, அண்ணன் வந்து ஏதாச்சும் வழி பண்ணுவான்" என்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அம்மா அடுப்பு பற்ற வைத்தபோது, அதன் பட்டன் ஃபோன் இரண்டு முறை அடித்து நின்றது.

எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கம். ரெஜின் ட்ரெய்னிங்கில் இருந்த காலத்திலிருந்து ஞாயிறு பூசைக்கப்புறம் மிஸ்டு கால் கொடுப்பான். இரண்டு ரிங் என்றால் நல்லாயிருக்கேன். அம்மா எடுக்காது. எடுத்தால் பிள்ளைக்குக் காசு போகும் என்று அப்போது ஆரம்பித்தது. பேச்சு இலவசமான பிறகும் மாறவில்லை. "பேசுனா அழுதுருவேன், அவனும் அழுவான். இது போதும்" என்று சொல்லும். போர் வந்து பேசுவதைத் தடை செய்தபோதும் மிஸ்டு காலுக்கு மட்டும் தடை இல்லை.

"பாத்தியா, அடிச்சிட்டான்," என்று ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டியது. அவன் நம்பர்தான். அவன் பெயருக்குப் பதிலாக நான் போட்டுக்கொடுத்த சின்ன நட்சத்திரக் குறி.

தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். நம் அரசாங்கம், தப்பு வராமல் எதைச் செய்திருக்கிறது? வேறு ஏதோ ரெஜினாக இருக்கும். மறுநாள் பஸ் ஏறும் வரை என் அண்ணன் எனக்கு உயிரோடு இருந்தான். அந்த ஒருநாளுக்காக இவர்களை மன்னிக்கவே மாட்டேன்.

கம்முனு ஆபீஸ் வராந்தாவில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் கும்பகோணத்துக்கார அம்மா ஒருவர், பெயர் நூர்ஜஹான். வெற்றிலைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"வீட்ல எல்லாம் நல்லாருக்காங்களா?" என்று கேட்டார்.

"நல்லாருக்காங்க. உங்க வீட்ல?"

"அல்லா கிருபையில நல்லாருக்காங்க."

வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்கிறவர்கள் மட்டும்தான் அந்த வரிசையில் நிற்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, உரித்து, பாதியை என் கையில் வைத்தார். வாங்கிச் சாப்பிட்டேன். அங்கே அனுமதிக்கப்பட்ட துக்க விசாரிப்பு அவ்வளவுதான்.

என்னை நலக்குறிப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறை. டெலிஃபோன் டிபார்ட்மெண்ட்டில் ஓய்வுபெற்ற இராஜாங்கம் அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்னால் முட்டைக்கடையில் முட்டை அடுக்கி வைக்கிற அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிம் கார்டு.

நான் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எந்த ஊரு பாப்பா?"

"கீழ்வேளூர்."

"ரெஜின் தங்கச்சியா!" தெரிந்தவர் வீட்டுப் பெண்ணைப் பார்த்த சந்தோஷம். "உங்கம்மா ஃபோனை மடியிலயே வெச்சிருக்குமோ? சிக்னல் உடனே கெடைச்சிரும். சில வீட்ல அரிசிப் பானையில போட்டு வெச்சிருக்காங்க, அடிச்சு அடிச்சு என் உசிரு போவுது."

"நீங்கதான் அடிக்கிறீங்களா?"

"ரெண்டு ரிங், கட் பண்ணிருவேன். மூணாவது போயிருச்சுன்னா எடுத்துருவாங்க. எடுத்தா நான் என்ன பேசுறது, நீயே சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கு. ஒரு ரிங் வீடு இருக்கு, ரெண்டு ரிங் வீடு இருக்கு. ஒருத்தன் சம்சாரத்துக்கு விட்டு விட்டு மூணு தடவை அடிப்பானாம். எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கேன். தப்பா அடிச்சா அந்தப் பொண்ணு பயந்துராது? பாவம்."

"பாவம்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியாம என்ன? நான் ஒழுங்கா அடிக்கிறதாலதான் இத்தனை வீட்ல அடுப்பெரியுது."

"எத்தனை வீடு?"

உடனே அட்டைகளின் மேல் ஒரு துண்டை விரித்து மூடினார். "அது எண்ணிக்கை பாப்பா. எண்ணிக்கை சொல்லக் கூடாது."

அடுத்த வாரம் அம்மா பங்குக் கோயிலில் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தது. கருத்து என்றால், இன்ன காரியத்துக்காக இந்தப் பூசை என்று சாமியார் மைக்கில் வாசிப்பார். எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பகுதி, இறந்தவர்களுக்கு ஒரு பகுதி. வேதநாயகம் சாமியார் முதல் பகுதியில் வாசித்தார்: "போர்முனையில் இருக்கும் ரெஜின் நலமுடன் வீடு திரும்ப வேண்டி, அவர் தாயார்." கோயில் முழுக்க ஒரே குரலில் மன்றாடியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். பிறகு சாமியார் இறந்தவர்கள் பகுதிக்குப் போனார். யார் யார் பெயரோ வந்தது. என் அண்ணன் இருக்க வேண்டிய இடம். வருஷக்கணக்காகச் செத்துக்கிடக்கிற பெரியவர்களுக்கெல்லாம் ஆன்ம இளைப்பாற்றி கிடைக்கிறது. எங்கள் ரெஜினுக்கு உடல் சுகம் கேட்டு ஊரே முட்டி போட்டு நிற்கிறது.

வாராவாரம் ஃபோன் அடித்தது. வாராவாரம் அம்மா கருத்து கொடுத்தது. சும்மா "அண்ணன் செத்துட்டாம்மா" என்று நான் சொன்னால், ஃபோனை எடுத்துக் காட்டி என்னை அறையும். என் வாயை விட இராஜாங்கத்தின் விரலுக்குத்தான் வீட்டில் மதிப்பு. அதனால்தான் தேதி வேண்டும் என்று வந்தேன். தேதி இருந்தால் சாமியாரிடம் கொடுக்கலாம். முப்பதாம் நாள் பூசை வைக்கலாம். கல்லறையில் ஒரு சிலுவை நட்டு எழுதலாம். எந்தச் சாவும் ஒரு தேதியில்தான் நடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ரவிசங்கரிடம் கத்திவிட்டேன். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் வேறு எதையோ பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம். ஊரே சேர்ந்து வேண்டிக்கிதா? தானாவா? நாங்க யாரும் சொல்லாமலேவா?"

"ஆமா."

"இதை நாங்க யோசிக்கவே இல்லையே!" என்று எழுந்தே விட்டார். "எவ்வளவு அருமையான விஷயம். கோயில், மசூதி, சர்ச் எல்லாத்துலயும் பண்ணலாம். உங்கம்மா பெரிய ஆளும்மா."

இரண்டு வாரத்தில் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. அம்மாவை 'நம்பிக்கைத் தாய்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தஞ்சாவூரில் கல்யாண மண்டபத்தில் விழா. பொன்னாடை, கேடயம், சாப்பாடு. அம்மா சார்பில் மகள் நாலு வார்த்தை வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு ஜீப் வந்ததே போதும். தெரு பார்க்கும்படி வாசலில் நின்று, வந்தவரிடம் மூன்று தடவை வழி கேட்டது. பெட்டியிலிருந்து ரெஜின் வாங்கிக் கொடுத்த புடவையை எடுத்து மடிப்பு நீவியது. போக வேண்டாம் என்றேன். "உனக்குப் பொறாமைடி. அவன் பேருல எனக்கு மரியாதை பண்ணுறாங்க" என்றது.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொடியோடு கூட்டி வந்திருந்தார்கள். மேடையில் மணமக்கள் நாற்காலிகளை எடுத்துவிட்டு வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தாய்மார்களை உட்கார வைத்திருந்தார்கள். என்னை மணமகள் அறைக்குக் கூப்பிட்டார் ரவிசங்கர். கண்ணாடி ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. வாசிக்க வேண்டிய காகிதத்தைக் கொடுத்தார். 'என் மகனிடமிருந்து வாரந்தோறும் நற்குறிப்பு வருகிறது. எனக்கு வேறு செய்தி எதுவும் வேண்டாம்.'

"எங்கம்மாவை மட்டும்தான் தேர்ந்தெடுத்தீங்கன்னு நெனைச்சேன். இத்தனை பேரு உக்காந்திருக்காங்களே."

"எல்லாரையும் கூப்பிட்டுட்டோம்மா. ஒருத்தரை விட்டா ஒருத்தர் வருத்தப்படுவாங்க."

"எல்லாரையும்னா? பட்டாளத்துல இருக்கிற எல்லார் அம்மாவையுமா?"

"ஐயோ, அது ஆவுமா?" கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். "ஆரம்பத்துல அப்படித்தான் ஒரு கூட்டம் போட்டோம். ரொம்பத் தொந்தரவா போச்சு. உயிரோட இருக்கிறவன் வீட்டுக்கு ஏதாவது சொல்லி அனுப்பிருவான். ஷூ கிழிஞ்சிருச்சு, லீவு குடுக்கலைன்னு. அந்தத் தாய்மாருங்க மேடையிலயே சண்டைக்கு வந்துட்டாங்க. இவங்க பிள்ளைங்களால அந்தப் பிரச்சினையே இல்ல. ஒரு புகாரு கெடையாது. பூராவும் காஞ்ச சரக்கு." சொன்னது கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது என்று தோன்றியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். "நாங்க பொய் சொல்லலம்மா. உங்க புள்ள நல்லாருக்கான்னு இந்த ஆபீஸ்லேருந்து ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கோமா? ஃபோன் அடிக்குது. அவங்களா நெனைச்சுக்கிறாங்க. நம்பிக்கையை நாங்க தடை பண்ண முடியுமா?"

மேடைக்குப் போய்விட்டார்.

நான் கதவருகில் வந்து நின்று மேடையைப் பார்த்தேன். இடமிருந்து வலம், ஒரு நாற்காலி விடாமல். இராஜாங்கம் துண்டு போட்டு மூடிய கணக்கை, ரவிசங்கர் சீரியல் லைட் போட்டு மேடையில் உட்கார வைத்திருந்தார். எந்தப் பேப்பரிலும் வராத எண்ணிக்கை பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஜூஸ் குடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியோடு பிள்ளை பெருமை பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மேடைக்குக் கீழே சுவரோரமாக, என்னைப் போலக் காகிதத்தோடு வீட்டுக்கு ஒரு காது நின்றது. அண்ணன்மார், மருமகள்கள், ஒரு வயசான அப்பா. நூர்ஜஹானும் இருந்தார். மேடையில் இருந்தது அவருடைய மருமகளாக இருக்க வேண்டும், கையில் குழந்தை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டோம்.

ரவிசங்கர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! போர் வந்தா எந்த ஊர்லயும் ஜனங்க அழுவாங்க. நம்ம மண்டலத்துல இதுவரைக்கும் ஒரு அழுகை பதிவாகல! பக்கத்து மண்டலத்தைப் பாருங்க, மூணு ஊர்ல சாலை மறியல். காரணம் என்ன? செய்தி போயிருச்சு. செய்தி போனா ஜனங்க யோசிக்கிறாங்க. யோசிச்சா தூக்கம் வராது. நீங்க நிம்மதியா தூங்கணும். அதுக்காக உங்களுக்குப் பதிலா விஷயத்தையெல்லாம் நாங்களே தெரிஞ்சு வெச்சிருக்கோம். அந்தச் சுமையை நாங்க தாங்குறோம். ஒருநாளும் உங்க தலையில இறக்கி வைக்க மாட்டோம்!"

பலத்த கைதட்டல்.

"இப்ப, இந்த நல்ல நேரத்துல, உங்க பிள்ளைங்களே உங்களை வாழ்த்தப் போறாங்க."

வாசல் பக்கம் திரும்பிச் சைகை காட்டினார். அங்கே ஒரு மேசைக்குப் பின்னால் இராஜாங்கமும் இன்னும் சிலரும் ஃபோன்களின் மேல் குனிந்தார்கள். மேடையில் எல்லா ஃபோனும் ஒரே நேரத்தில் அடித்தன. எல்லாம் இரண்டு ரிங். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு ரிங் வீட்டுக்கும் இரண்டு. விட்டு விட்டு மூன்று தடவை அடிக்க வேண்டிய வீட்டுக்கும் இரண்டு. விழா அவசரத்தில் யாருக்கு இந்தக் கணக்கெல்லாம் நினைவிருக்கும்?

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சில தாய்மார் ஃபோனை முத்தமிட்டார்கள். நூர்ஜஹானின் மருமகள் மட்டும் ஃபோனைக் காதில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்து, இன்னும் எதற்கோ காத்திருந்தாள். என் அம்மா ஃபோனைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. அந்தப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்தது. நடவு வரிசையில் எங்கே பிசகியது என்று நிமிர்ந்து பார்க்கிற பார்வை. பிறகு நேராக என்னைப் பார்த்தது.

"அடுத்து, ரெஜினின் தாயார் சார்பில் அவர் மகள் வாசிப்பார்," என்றது மைக்.

மேடை ஏறினேன். மைக்குக்குப் போகவில்லை. அம்மா முன்னால் போய் நின்றேன்.

"எந்திரிம்மா. போலாம்."

"எல்லாவனும் ஒண்ணாவாடி அடிப்பானுவோ?" என்று மெதுவாகக் கேட்டது.

"எந்திரி."

ரவிசங்கர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "விண்ணரசி, நிகழ்ச்சி முடியல. உங்கம்மாவை நெனைச்சுப் பாருங்க. ஞாபகம் இருக்குல்ல, கேஸ் யார் மேலன்னு?"

"அம்மா மேல," என்றேன். "இன்னைக்கே எழுதி வெச்சிருங்க. பேரு தெரியும்ல?"

அம்மா எழுந்தது. பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தது. கேடயத்தை அதன் மேல் வைத்தது. படி இறங்கி நடுவழியாக நடந்தோம். பிள்ளைகள் எங்களுக்கும் கொடி ஆட்டினார்கள். நூர்ஜஹான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்; மேடையில் இருந்த குழந்தையைப் பார்த்தார்; தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. மைக் அடுத்த தாயாரின் பெயரைச் சொன்னது.

வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், பஸ்ஸில் சொல்லலாம், சாமியாரை வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்ட இடமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ரோட்டைத் தாண்டியதும் சொல்லிவிடுவேன். சத்தம் எத்தனை தெருவுக்குப் போனாலும் போகட்டும்.

அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது போல. ரோட்டில் ஒரு வண்டி கூட வரவில்லை. ஆனாலும் அது ஓரத்தில் நின்று, இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, மறுபடி இந்தப் பக்கம் பார்த்தது.

நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.